கேட்பாரில்லாத பொருள்கள்

கிருஷ்ணப்பனுக்குக் கோணல் என்றால் ஆகாது. சுவரில் நாட்காட்டி சாய்ந்து தொங்கினால் அதை நிமிர்த்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில், கடைசிச் சோதனை மேசையில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். நல்லது இந்தப் பெட்டியில், கெட்டது அந்தப் பெட்டியில் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பிரித்தவர். வயதாகிவிட்டது என்று மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மனிதர் வீட்டுக்கு வந்தார். கண் மட்டும் வேலையை விடவில்லை.

கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் ராகியும் அவரையும் போட்ட குடும்பம் அவருடையது. ஐடிஐ முடித்துக் கம்பெனியில் சேர்ந்த பிறகு மண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே ஜப்பான்காரர்கள் வந்து ‘ஃபைவ் எஸ்’ என்ற ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தார்கள். வேண்டியதை வை, வேண்டாததை எடு, வைத்ததற்கு இடம் குறி, துடை, இதையே தினமும் செய். மற்ற தொழிலாளிகள் அதைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கிருஷ்ணப்பன் வீடு வரைக்கும் கொண்டுவந்தார். சமையலறை மேடையில் டம்ளருக்கு ஒரு வட்டம், சொம்புக்கு ஒரு வட்டம் என்று மஞ்சள் பெயின்டில் வரைந்து வைத்தார். அவர் மனைவி சரோஜம்மாள் பாரூர்க்காரி. ஏரித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளைகிற ஊரிலிருந்து வந்தவள். வட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள், டம்ளரை வேறு இடத்தில் வைத்தாள், அப்படியே குடித்தனம் நடந்தது.

அவர்கள் வீடு கட்டிய இடத்துக்கு ‘லேக் வியூ கார்டன்ஸ்’ என்று பெயர். ஏரியின் ஒரு ஓரத்தை மூடித்தான் கடைசி இரண்டு வரிசை மனைகளைப் போட்டார்கள். ஆகவே ஏரி இல்லை. தோட்டம் எந்தக் காலத்திலும் இல்லை. வியூ மட்டும் உண்டு, எதிரே கம்பெனிச் சுவர். ஆனாலும் சொந்த வீடு. தவணை கட்டி முடித்த வீடு. கிருஷ்ணப்பன் அதை விட்டு எங்கேயும் போவதாக இல்லை.

மகன் ஹரீஷ்குமாருக்கு வேறு எண்ணம். பெங்களூரில் வேலை, பதினோராவது மாடியில் வீடு. ஒவ்வொரு தரம் வரும்போதும் காரை விட்டு இறங்குவதற்கு முன்பே மூக்கைச் சுளிப்பான். “இது மனுஷன் குடியிருக்கற எடமாப்பா?” என்பான். பத்தாவது வகுப்பு வரைக்கும் அவன் குடியிருந்த இடம்தான் அது.

அவன் சொன்னதில் தப்பும் இல்லை. தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஒரு கிரானைட் பலகை இரண்டு சிமெண்ட் கல் மேல் கிடந்தது. பாலிஷ் போடும் பட்டறையில் விரிசல் விட்டது என்று கழித்துப் போட்டதை யாரோ எப்போதோ கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கம்பியால் கட்டி நின்றது. கொஞ்சம் தள்ளி, எவனோ வீடு கட்டி மீந்துபோன மணல் குவியல். பிள்ளைகள் அதில் ஏறிச் சறுக்கும், நாய்கள் படுக்கும். மாடு குடிக்க ஒரு சிமெண்ட் தொட்டி. காலிமனையில் துணி காயப்போட ஒரு கயிறு. ஒழுங்கான கண்ணுக்கு ஒவ்வொன்றும் முள்ளாகக் குத்தும்.

கம்பெனி ஷிப்ட் பஸ் நிற்கும் இடமும் அந்த முனைதான். விடியற்காலையில் முதல் ஷிப்டுக்குப் போகிற பெண்கள் பலகையில் உட்கார்ந்து தலை பின்னி முடிப்பார்கள். அவர்களை நம்பிக் காளியம்மாள் கீரைக்கூடையும் வேகவைத்த கடலையும் கொண்டுவந்து இறக்குவாள். மத்தியானம் ஒரு கூட்டம் இறங்கும், ஒரு கூட்டம் ஏறும். சாயங்காலம் பலகை சரோஜம்மாளுக்கு. அதே தெருவில் குடியிருக்கும் நஞ்சம்மா ஷிப்ட் முடிந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகமாட்டாள். கேரியரை மடியில் வைத்துக்கொண்டு “ஊட்ட ஆய்தா அக்கா?” என்று ஆரம்பிப்பாள். சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில் கேட்டு, தமிழில் வம்பு பேசி, தெலுங்கில் யாரையாவது திட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

ஐப்பசியில் ஒருநாள் பால் வாங்கி வரும்போது சரோஜம்மாள் மணலில் கால் சறுக்கி விழுந்தாள். முழங்கால் வீங்கியது. அவ்வளவுதான் சேதி, ஆனால் அது பெங்களூருக்குப் போய்விட்டது. ஹரீஷ் போனில் கண்டிப்பாகப் பேசினான்.

“பொங்கலுக்கு வரேன்பா. அதுக்குள்ள அந்தத் தெரு உருப்படியா ஆச்சுன்னா சரி. இல்லன்னா வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் என்னோட கெளம்பறீங்க.”

சரோஜம்மாள் “நான் எங்கயும் வரமாட்டேன்” என்று போனைப் பார்த்துக் கத்தினாள். மகனுக்குக் கேட்டதோ இல்லையோ.

கிருஷ்ணப்பன் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். கம்பெனியில் ஒரு கோளாறு வந்தால் ‘ஏன்’ என்று ஐந்து தரம் கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஏன் விழுந்தாள்? மணல். ஏன் மணல்? யாரும் அள்ளவில்லை. ஏன் அள்ளவில்லை? யாருடையது என்று தெரியாது. ஏன் தெரியாது? கேட்க ஆளில்லை. ஏன் ஆளில்லை? குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் இல்லை. ஐந்தும் சரியாக விழுந்தன. விழுந்தவள் எப்படி எழுந்தாள் என்று மட்டும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பலகையில் இருந்த பெண்கள் ஓடிவந்து தூக்கியதும், காளியம்மாள் கீரைக்குத் தெளிக்கிற தண்ணீரால் காலைக் கழுவிவிட்டதும், நஞ்சம்மா அன்றைக்குப் பஸ்ஸைத் தவறவிட்டதும் அந்தக் கணக்கில் வரவில்லை.

சங்கத்தில் செயலாளர் பதவிக்கு அவர் போட்டியின்றித் தேர்வானார். வேறு யாரும் கூட்டத்துக்கே வரவில்லை. தலைவர் பூபதி மனை வாங்கி விற்கிறவர். “நீங்க பண்ணுங்க சார், பின்னால நான் இருக்கேன்” என்றார். பின்னால்தான் இருந்தார், கடைசி வரைக்கும்.

கம்பெனியில் ‘ரெட் டேக்’ என்று ஒரு முறை உண்டு. வேண்டுமா வேண்டாமா என்று சந்தேகம் வருகிற பொருளில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிடுவார்கள். கெடு முடிவதற்குள் உரியவர் வந்து ‘இது எனக்கு வேண்டும்’ என்று சொன்னால் இருக்கும். யாரும் வராவிட்டால் வெளியே போய்விடும். யாரையும் திட்டவேண்டாம், சண்டை போடவேண்டாம். இதைவிட நியாயமான முறை உலகத்தில் இல்லை என்பது கிருஷ்ணப்பனின் நம்பிக்கை. கல்யாணப் பத்திரிகை அட்டைகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, கெடுவை எழுதி, ஓட்டை போட்டு, கம்பி கோத்துத் தெரு முழுக்கக் கட்டினார். பலகைக்கு ஒன்று. நாற்காலிக்கு ஒன்று. தொட்டிக்கு ஒன்று. கயிற்றுக்கு ஒன்று. மணலுக்கு எப்படிக் கட்டுவது என்று யோசித்து, ஒரு குச்சியை நட்டு அதில் கட்டினார். தீபாவளி கழிந்து ஒரு மாதம் கெடு.

முதல் மணிநேரத்திலேயே ஒரு உரியவர் வந்துவிட்டார். பூபதி. டயர் நான்கும் இறங்கி, அடியில் புல் முளைத்து, வருஷக்கணக்கில் தெருவை அடைத்து நின்ற அவருடைய ஜீப்பிலும் கிருஷ்ணப்பன் பாரபட்சமில்லாமல் அட்டை கட்டியிருந்தார். “சார், அது என் வண்டி சார்” என்றார் பூபதி. சரி, உரியவர் வந்துவிட்டார். அட்டையை அவிழ்த்தார். ஜீப் அங்கேயே நின்றது.

பலகைக்கு யாரும் வரவில்லை. வரமாட்டார்கள். அதில் உட்காருகிறவர்கள் நூறு பேர் இருப்பார்கள், ‘என்னுடையது’ என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. மணலில் புரண்ட பிள்ளைகளுக்கு அட்டையில் எழுதியிருந்தது புரியவில்லை. புரிந்த ஒன்றிரண்டு பிள்ளைகள் அட்டையைப் பிய்த்து விசிறி செய்துகொண்டன. கிருஷ்ணப்பன் பொறுமையாக வேறு கட்டினார்.

சரோஜம்மாள் ஒருத்திதான் கேட்டாள். சாப்பாடு போட்டுக்கொண்டே, “என்னாங்க, அந்தக் கல்லு என்னுதுன்னு எழுதிக்கோங்க” என்றாள்.

“உன்னுதா? எங்க வாங்கின? பில்லு இருக்குதா?”

“கல்லுக்கு ஏதுங்க பில்லு? தெனமும் உக்காறேன் இல்ல?”

“உக்காந்தா உன்னுது ஆயிடுமா? நாளைக்கி ஊர்ல என்ன பேசுவாங்க? செயலாளர் பொண்டாட்டிக்கி ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயமான்னு கேக்க மாட்டாங்க?”

அவள் மறுநாளும் கேட்டாள். பிறகு இன்னொரு நாளும் கேட்டாள். அவர் நியாயம் தவறாத மனிதர், மூன்று தரமும் ஒரே பதிலைச் சொன்னார்.

கெடு முடிந்த மறுநாள் டிராக்டர் வந்தது. மணல் போயிற்று, தொட்டி போயிற்று, நாற்காலி போயிற்று. பலகையை இரண்டு ஆட்கள் தூக்கியபோது பழைய விரிசலிலேயே இரண்டாகப் பிளந்தது. “பாத்தீங்களா, ரிஜெக்ட் பீஸ்” என்றார் கிருஷ்ணப்பன், தன் கண் தப்பவில்லை என்ற திருப்தியுடன். ஷிப்டுக்குக் கிளம்பிப் பையோடு நின்றிருந்த நஞ்சம்மா மெதுவாகச் சொன்னாள்: “அண்ணா, நாங்க பஸ்ஸுக்கு நிக்கற எடம் அது.”

“நிக்கறதுக்குக் கல்லு எதுக்கும்மா? நில்லுங்க, யாரு வேணான்னாங்க?”

பெண்கள் சில நாள் நின்று பார்த்தார்கள். எட்டு மணிநேரம் நின்று வேலை செய்யப்போகிறவர்கள், பஸ் தாமதமானால் அதற்கும் சேர்த்து நிற்கவேண்டியிருந்தது. மெயின் ரோட்டில் பெட்ரோல் பங்க் சுவரை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு திண்டு உண்டு. ஒவ்வொருத்தியாக அங்கே போய் உட்கார ஆரம்பித்தார்கள். டிரைவருக்கு மகா சந்தோஷம். சந்துக்குள் பஸ்ஸைத் திருப்புகிற தொல்லை அவருக்கு விட்டது. காளியம்மாளும் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். தண்ணீரில்லாத தெருவுக்கு மாடுகள் வரவில்லை. மணலில்லாத தெருவில் பிள்ளைகளுக்கு வேலையில்லை, வீட்டுக்குள் டிவி முன்னால் உட்கார்ந்தன. ஹாரன் சத்தம் அறவே நின்றது. இத்தனை முன்னேற்றம் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று கிருஷ்ணப்பனே எதிர்பார்க்கவில்லை.

தெருவுக்கு பேவர் கல் பதித்தார்கள். ஓரங்களுக்கு வெள்ளை, வண்டி நிறுத்த மஞ்சள் கோடு. கழித்துக் கட்ட இனி எதுவும் மிச்சமில்லை என்று ஆனபோது ஒரு சின்ன சங்கடம் வந்தது. பட்டப்பகலில் தெருவின் பொது போர்வெல் மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு முன்னால் அந்தத் தெருவில் ஒரு துடைப்பம்கூடத் திருடு போனதில்லை. முனையில் எப்போதும் நாலு பேர் இருந்தால் திருடன் எப்படி வருவான்? புது ஆள் நுழைந்தால் “யாரு வூட்டுக்குப்பா?” என்று காளியம்மாள் கேட்டுத்தான் விடுவாள். இப்போது கேட்க நாதியில்லை. கிருஷ்ணப்பன் இதற்கும் ஐந்து ‘ஏன்’ கேட்டார். கேமரா இல்லாததுதான் காரணம் என்று முடிவாயிற்று.

கேமரா வந்தது. படம் அவர் போனிலேயே தெரியும். நல்ல தெளிவு. கோடு, கல், கம்பம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஒரு நாள் முழுக்க வைத்த கண் வாங்காமல் பார்த்தார். காலையில் ஒரு நாய் குறுக்கே போயிற்று. மத்தியானம் அதே நாய் திரும்பி வந்தது.

சரோஜம்மாள் சாயங்காலமானால் பழக்கத்தில் வாசலுக்கு வருவாள். முனை வரைக்கும் நடப்பாள், அங்கே நின்று பார்ப்பாள், திரும்பி வந்துவிடுவாள். பங்க் வரைக்கும் போக முழங்கால் இடம்கொடுக்காது. மெயின் ரோட்டை லாரிகளுக்கு நடுவே தாண்டவும் பயம். நஞ்சம்மா அங்கேயே இறங்கி, இருட்டுவதற்குள் சமைக்கவேண்டுமென்று வேகமாகப் போய்விடுவாள். “நல்லாருக்கியா அக்கா” என்று நடந்துகொண்டே கேட்பாள், பதிலுக்கு நிற்கமாட்டாள். சரோஜம்மாளின் பேச்சு வரவரக் குறைந்தது. டம்ளரை மஞ்சள் வட்டத்துக்குள் சரியாக வைக்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் கழித்து வழிக்கு வந்தாளே என்று கிருஷ்ணப்பன் மகிழ்ந்தார். பாவம், அவருக்கு வேறு எப்படிப் புரியும்?

பொங்கலுக்கு ஹரீஷ் வந்தான். காரை விட்டு இறங்கியவன் மூக்கைச் சுளிக்கவில்லை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து பார்த்தான். போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான்.

“அப்பா, சத்தியமா சொல்றேன், எங்க அபார்ட்மெண்ட்கூட இவ்ளோ நீட்டா இல்ல. நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். இனிமே உங்கள கூப்புட மாட்டேன். ராஜா மாதிரி இங்கயே இருங்க.”

கிருஷ்ணப்பனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கம்பெனியில் ஜப்பான்காரர் கைகொடுத்த அன்றுகூட இப்படி இருந்ததில்லை. ஜெயித்துவிட்டோம், வீடு நம்முடையது, யாரும் கிளப்ப முடியாது. சமையலறைப் பக்கம் திரும்பி, “கேட்டியா, உம்புள்ள சொல்றத?” என்று குரல் கொடுத்தார்.

சரோஜம்மாள் வெளியே வந்தாள். கையில் துணிப்பை இருந்தது. பை புடைத்திருந்தது.

“கேட்டேன். நான் உன்னோட வரேன் கண்ணு. எப்ப கெளம்பற?”

ஹரீஷ் விழித்தான். “அம்மா, போன மாசம் வரைக்கும் வரமாட்டேன் வரமாட்டேன்னு கத்தின?”

“அப்ப எனக்கு இங்க வேல இருந்துது.”

“என்னா வேல?”

“உக்காந்துக்கிட்டு இருந்தேன்.”

கிருஷ்ணப்பனுக்குக் கோபம் வந்தது. இவ்வளவும் யாருக்காகச் செய்தார்? அவள் சறுக்கி விழக்கூடாது என்றுதானே? அவள் இந்த வீட்டிலேயே இருக்கவேண்டும் என்றுதானே? “அங்க உனக்கு யாரத் தெரியும்? பதினோராவது மாடியில தனியா உக்காந்து என்னா பண்ணுவ?” என்றார்.

“இங்க மட்டும் யாரு இருக்காங்க? அங்க லிப்ட்டாவது இருக்குது. ஏறினா நாலு பேரு நிப்பாங்க. எந்த மாடின்னாவது கேப்பாங்க இல்ல?”

நீங்களும் வாருங்கள் என்று அவள் கூப்பிட்டாள். உண்மையாகவே கூப்பிட்டாள். பிடிவாதம் அவரை விடவில்லை. இவ்வளவு செய்துவிட்டு எப்படிக் கிளம்புவது? பத்து நாளில் வந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காருக்குக் கையாட்டிவிட்டுத் திரும்பியபோது, பக்கத்து வீடுகளில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. சரோஜம்மாள் ஊருக்குப் போகிறாள் என்பது யாருக்கும் தெரியாது.

பத்து நாள் கழிந்தும் அவள் வரவில்லை. கிருஷ்ணப்பன் தப்பை ஒத்துக்கொள்ளத் தெரியாதவர் இல்லை. கம்பெனியில் தப்பான பீஸை அனுப்பிவிட்டால் திரும்ப வாங்கிச் சரிசெய்வார்கள். அதையே செய்தார். முனையில் அதே இடத்தில் சாய்மானத்தோடு எஃகு பெஞ்சு ஒன்றை இறக்கினார். மட்டம் பார்த்து, போல்ட் போட்டு, துடைத்தும் வைத்தார். அதில் பறவைகள் எச்சமிட்டன. வேறு யாரும் வரவில்லை. கடைசியில் தானே பங்க்குக்கு நடந்தார்.

திண்டு முழுக்கப் பெண்கள். தூசி, டீசல் நாற்றம், லாரி இரைச்சல். அதற்கு நடுவே காளியம்மாள் கடலை அளந்துகொண்டிருந்தாள். எல்லாரும் எதற்கோ சிரித்து முடித்த முகத்தோடு இருந்தார்கள். அவரைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது.

“பெஞ்சு போட்டிருக்கேம்மா. புதுசு. பழையபடி அங்கயே வந்து உக்காருங்க” என்றார்.

நஞ்சம்மாவுக்கு அவரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. “இல்லண்ணா, டிரைவரு இனிமே உள்ள திருப்ப மாட்டேங்கறாரு. அவருக்கு இதுதான் பாயிண்ட்டு. அக்கா எப்புடி இருக்குது? எப்ப வருது?” என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவளை நகரச் சொன்னாள். “நீ உக்காருண்ணா.”

கிடைத்த இடம் கோணல். சிமெண்ட் பெயர்ந்து, மேலே எண்ணெய்க் கறை. கிருஷ்ணப்பன் கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தார். ஒரு மூலையில் கறை போகவில்லை, இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தார். அவர் துடைத்து முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. எல்லாரும் எழுந்து ஏறிப் போனார்கள்.

மறுநாளும் கிளம்பிப் போனார், இந்தத் தரம் துடைக்கக்கூடாது என்ற தீர்மானத்தோடு. கம்பெனிக்கு அன்று வார விடுமுறை என்பதை ஓய்வு பெற்றவர் மறந்துவிட்டார். திண்டு காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, காலைக் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டார்.

சாயங்காலம் சரோஜம்மாள் போன் செய்தாள். குரலில் பழைய துள்ளல் திரும்பியிருந்தது. “இன்னைக்கி லிப்ட்டு பாதியில நின்னுபோச்சுங்க! உள்ள அஞ்சாறு பேரு மாட்டிக்கிட்டோம். ஒரு அம்மா கையில முறுக்கு வெச்சிருந்தாங்க. எல்லாருக்கும் ஒடச்சிக் குடுத்தாங்க. கதவு தொறந்தப்ப யாருக்கும் எறங்க மனசே வரல” என்று சிரித்தாள். அந்த அம்மா எந்த ஊர், மருமகள் எப்படி என்று எல்லாம் சொன்னாள். அவர் உம் கொட்டிக்கொண்டே கேட்டார். சொல்லி முடித்ததும் அவள் குரல் தணிந்தது.

“சரி, நீங்க சாப்ட்டீங்களா?”

“ஆச்சு.”

“இன்னைக்கி யார்கிட்டயாச்சும் பேசினீங்களா?”

“பேசினனே.”

“யார்கிட்ட?”

கிருஷ்ணப்பன் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“உங்கிட்டதான் சரோஜா. இப்பத்தான்.”